பத்து மணி இலை

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை காற்று வாங்கினால், கடைக்காரன் வேறு தொழிலுக்குப் போய்விடலாம். பாதி ஊர் விரதத்தில் இருக்கும் காலம். கோழி, மீன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் வாழை இலைச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். போன வருடம் இதே ஞாயிற்றுக்கிழமைகளில் வேலாயுதத்தின் கடை வரிசை அஞ்சடி நடைபாதையைத் தாண்டி, பக்கத்துப் பூக்கடை வாளிகளை இடித்துக்கொண்டு நின்றது. பூக்காரி திட்டிக்கொண்டே இருப்பாள். இந்த வருடம் அவளுக்குத் திட்ட ஆள் இல்லை. ஃபோனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வேளையிலும் பாதி மேசை காலி. வந்தவர்களும் சரியாகச் சாப்பிடவில்லை. மடித்துவிட்டுப் போன இலைகளை வேலாயுதம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சோறு குவியலாகக் கிடந்தது. சாம்பார் பட்ட இடத்தில் மட்டும் இரண்டு கவளத்துக்குக் குழி. அதற்கப்புறம் கை வைக்கவே இல்லை.

"என்ன அத்தான், பிரேதப் பரிசோதனையா?"

சுரேந்தர் வந்து நின்றான். வேலாயுதத்தின் மனைவி உமாமகேஸ்வரியின் தம்பி. இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவன், இப்போது மற்றவர்களின் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்லிக் காசு வாங்குகிறான். ஒரு வருடத்துக்கு முன்னால் இந்தக் கடையின் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்து வரும். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. எடை குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி. பசியே எடுக்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பசி எடுக்காததில் ஒருவனுக்கு என்ன பெருமை இருக்க முடியும் என்று வேலாயுதத்துக்குக் கடைசிவரை புரியவில்லை.

"வந்துட்டியா? உக்காரு. சாப்பிடுறியா?"

"ஐயோ வேணாம் அத்தான். தண்ணி போதும்."

"சாப்பாட்டுக் கடைக்கு வந்து தண்ணி குடிக்கிற மூஞ்சியைப் பாரு."

"திட்டுங்க. ஆனா நாளைக்கு அலீமுக்குப் பதில் சொல்லணும். அதை யோசிச்சீங்களா?"

அப்துல் அலீம் கட்டட உரிமையாளரின் ஏஜெண்ட். கடையின் லீஸ் முடிகிறது. புதுப்பிப்பதா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வாடகை ஏறுகிறது, முன்பணமும் ஏறுகிறது. அதற்காகவும், சமையலறையை மாற்றிக் கட்டவும் வேலாயுதமும் உமாமகேஸ்வரியும் வருடக்கணக்கில் சேர்த்த பணம் இருவர் பெயரிலும் பேங்கில் இருந்தது. அந்தப் பணத்தைத்தான் சுரேந்தர் கேட்டான். கடையை மூடிவிட்டு, எடை குறைக்கும் மருந்து செய்கிற கம்பெனிகளின் ஷேரில் மொத்தத்தையும் போடச் சொன்னான்.

"நான் சொன்னப்ப சிரிச்சீங்க. இப்பப் பாருங்க உங்க இலையை." சுரேந்தர் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தான். ஏதோ கோடு ஏறி இறங்கியது. "அமெரிக்காவுல சிப்ஸ் கம்பெனிக்காரன் பாக்கெட்டைச் சின்னதாக்குறான். பிளேன் கம்பெனிக்காரன், ஆளுங்க எடை கொறைஞ்சா எண்ணெய் எவ்ளோ மிச்சம்னு கணக்குப் போடுறான். அதெல்லாம் தூரத்துக் கதைன்னு வைங்க. இங்க சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில போய் நில்லுங்க. வளையல் கழண்டு விழுது, சின்னதாக்கிக் குடுன்னு வர்றாங்க. ஜாக்கெட்டைப் புடிச்சுத் தைச்சே டெய்லர் அக்கா புது மெஷின் வாங்கிட்டாங்க. ஆஃபீஸ்ல என் டீம்ல பாதிப் பேரு ஊசிதான். யாருமே லஞ்சுக்குக் கீழ எறங்குறதில்ல. சாப்பாட்டு யாவாரம் சன்செட் இண்டஸ்ட்ரி, அத்தான். முடிஞ்சு போச்சு லா."

"எங்கப்பன் செம்பவாங் பட்டறையில கப்பல் வயித்துல தொங்கிக்கிட்டுத் துரு தட்டினாரு. வீட்டுல ஒரே சட்டிச் சோறு, அஞ்சு வாய். பசிக்காம இருக்க மருந்துன்னா அது அன்னிக்கு வேண்டியிருந்துச்சுடா எங்களுக்கு. இப்ப சாப்பாடு கொட்டிக் கெடக்கிற எடத்துல காசு குடுத்துப் பசியைக் கொல்லுறீங்க."

"அது சோகம்தான். ஆனா அது பிசினஸ் பிளான் இல்ல."

வேலாயுதத்துக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அடிக்க முடியவில்லை. இலைகள் அவன் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. எச்சில் இலை வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, மூச்சு விட வெளியே வந்தார்.

அப்போதுதான் செல்லக்கண்ணுவைப் பார்த்தார். அடுத்த தெருச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர், வேலாயுதத்தைக் கண்டதும் டோட்டோ லாட்டரி வரிசைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பை எந்த வரிசையும் மறைக்காது. இருவரும் செம்பவாங்கில் ஒரே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். செல்லக்கண்ணு இன்றைக்கும் அங்கே கப்பல் பட்டறையில் சங்கிலி கட்டிப் பாரம் தூக்கும் வேலையில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்து வேலாயுதத்தின் கடையில் உட்காருவார். மூன்று தடவை சோறு வாங்குவார். ஒரு மாதமாக ஆளைக் காணவில்லை.

"எங்கடா போயிட்டு வர்ற?"

"டோட்டோ வாங்க வந்தேன் வேலா."

"டோட்டோ வாங்குனவன் மீசையில ரசம் எப்படி வந்துச்சு?"

செல்லக்கண்ணு மீசையைத் தடவினார். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் சிரித்தார். வேலாயுதம் சிரிக்கவில்லை.

"நீயும் ஊசி போட்டுக்கிட்டியா?"

"ஊசியா? எனக்கா?" செல்லக்கண்ணு வயிற்றில் ஓங்கித் தட்டிக் காட்டினார். "காலையில மூணு புரோட்டா உள்ள போகலைன்னா சங்கிலி என்னையத் தூக்கிரும். ஊசி போடுறதெல்லாம் ஏர்கான்ல உக்காந்திருக்கிறவன். எவன் சொன்னான் உனக்கு?"

"அப்புறம் ஏன்டா என் கடைக்கு வரல?"

"சொன்னா அடிப்ப."

"சொல்லலைன்னாலும் அடிப்பேன்."

"உன் சாம்பாரு கடல் தண்ணி மாதிரி இருக்கு. போதுமா? ரசத்தை வாயில வெச்சா காது அடைக்குது. கூட்டு மட்டும் கொஞ்சம் தேவலாம். போன மாசம் எங்க யார்டு பசங்களைக் கூட்டிட்டு வந்தேன். உன் மொகத்துக்காக ரெண்டு வாய் தின்னுட்டு எலையை மடிச்சுட்டு, நேரா அந்தக் கடைக்குப் போய் உக்காந்துட்டானுங்க. நாள் பூரா இரும்பு தூக்குறவனுங்கடா. பசி இல்லாமயா எந்திரிச்சானுங்க?"

"பொய் சொல்லாத."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? நீ சாப்பிட்டுப் பாரேன்."

வேலாயுதம் கடைக்குத் திரும்பி நடந்தார். செல்லக்கண்ணுவும் பின்னாலேயே வந்தார். சண்டை வரும் என்று தெரிந்தால் அவர் வேலைக்குக்கூட லீவு போடுகிறவர்.

சமையலறையில் ஒரு இலையைப் போட்டு, சோறும் சாம்பாரும் தானே ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தார் வேலாயுதம். நன்றாகத்தான் இருந்தது. ரசம் ஊற்றினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருடைய நாக்கு. சின்ன வயதில் எது கிடைத்தாலும் அடுத்தவன் கை வருவதற்குள் விழுங்கிப் பழகியது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒன்றுதான். அவருக்குக் கைதான் உண்டு. எவ்வளவு பெரிய அண்டாவானாலும் இறக்குவார், எத்தனை பேருக்கானாலும் வடிப்பார். ருசி பார்ப்பது உமாமகேஸ்வரி.

கடை திறந்த நாளிலிருந்து அதுதான் முறை. காலை பத்து மணிக்கு முதல் இலை அவளுக்கு. கரண்டி நுனியில் தொட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. சோற்றோடு பிசைந்து, சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடும் சாப்பிட்டால்தான் பத்தாவது கவளத்தில் உப்பு எப்படி நிற்கிறது என்று தெரியும் என்பது வேலாயுதத்தின் கட்டளை. சாப்பிட்டுக்கொண்டே அவள் சொல்வாள்: புளி ஏறிப்போச்சு, பருப்பு போடுங்க, ரசத்துக்கு இன்னும் தண்ணி. அதன்படி சரிசெய்த பிறகுதான் கதவு திறக்கும்.

இந்த முறை தைப்பூசம்வரை விரதம், ஒருவேளைச் சாப்பாடுதான் என்று அவள் சொன்னபோது வேலாயுதம் மகிழ்ந்துதான் போனார். அவள் உடம்புக்கு நல்லது, கடைக்கும் முருகன் துணை. "அப்ப முதல் இலை வேணாம். விரல்ல தொட்டுப் பாத்துச் சொல்லு, போதும்" என்று அவரே விட்டுக்கொடுத்தார்.

"உமா. இன்னிக்குச் சாம்பாரைப் பாத்தியா?"

உமாமகேஸ்வரி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமல், "பாத்தேனே" என்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அண்ணி, கோச்சுக்காதீங்க," என்றார் வாசலில் நின்ற செல்லக்கண்ணு. "அது சாம்பாரு இல்ல, உப்பளம்."

உமாமகேஸ்வரி அடுப்பை அணைத்தாள்.

"எனக்குத் தெரியல. நாக்குல எதுவுமே நிக்க மாட்டேங்குது. அட்டையைத் தின்ற மாதிரி இருக்கு. சப்புன்னு இருக்கேன்னு உப்புப் போடச் சொன்னேன்."

"விரதம் இருந்தா நாக்கு செத்துப் போகுமா?"

"விரதம் இல்லங்க."

மேசையிலிருந்த சுரேந்தர் எழுந்து உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் வேலாயுதத்துக்குப் புரிந்துவிட்டது.

"ஊசியா?"

"தீபாவளிக்கப்புறம் ஆரம்பிச்சேன். டாக்டர்கிட்டக் கேட்டுத்தான். மொத ரெண்டு மாசம் தம்பி காசு குடுத்தான்."

வேலாயுதம் சுரேந்தரின் சட்டையைப் பிடித்தார். சட்டை நிறையக் கையில் வந்தது. ஆள் கொஞ்சம்தான் வந்தான்.

"என் கடையைக் கொன்னுட்டு என்கிட்டயே வந்து கடை செத்துப் போச்சுன்னு சொல்றியாடா? எவனும் பசிக்காம போகலடா. என் உப்புக்குப் பயந்து போயிருக்கான்!"

"அத்தான், கையை எடுங்க. எனக்குத் தெரியாது. சத்தியமா உப்பு மேட்டர் தெரியாது." சுரேந்தர் சட்டையை விடுவித்துக்கொண்டான். பயந்தவன், அடுத்த நிமிடமே தன் தொழிலுக்குத் திரும்பினான். "ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு ஆளு ஊசி போட்டதுக்கு ஒரு கடை படுத்துருச்சு. ஊரே போட்டா? நான் சொல்றதுக்கு இதைவிட ப்ரூஃப் வேணுமா?"

செல்லக்கண்ணு வாயைப் பிளந்தார். "டேய், இவன் செத்த வீட்டுலயே சவப்பெட்டி ஷேர் விப்பான்டா."

"நிறுத்துடி அதை," என்றார் வேலாயுதம், மனைவியைப் பார்த்து. "இன்னிக்கோட நிறுத்து. நாளையிலேர்ந்து பத்து மணிக்கு எலை போடுறேன். உக்காந்து சாப்பிடு. ஒரு மாசத்துல எல்லாரும் திரும்பி வந்துருவாங்க. லீஸைப் போட்டுரலாம்."

"நிறுத்த மாட்டேன்."

"என்ன?"

"நிறுத்த மாட்டேங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "கல்யாணமாகி வந்தப்ப நான் எப்படி இருந்தேன்? பத்து மணிக்கு முழுச் சாப்பாடு. பசிச்சாலும் பசிக்காட்டியும் முழுச் சாப்பாடு. ராத்திரிக்கு வெக்கிற டிஃபனுக்கு மறுபடி நாலு மணிக்கு ஒரு தட்டு. காய்ச்சல்லயும் சாப்பிட்டேன். வாந்தி வர்றப்பயும் சாப்பிட்டேன். சக்கரை எதுல வந்துச்சுன்னு நெனைச்சீங்க? ரெண்டு முட்டியும் எதுல போச்சு? டாக்டர் கேட்டாரு, ஏம்மா இவ்ளோ சாப்பிடுறீங்கன்னு. வேலையே அதுதான்னு எப்படிச் சொல்றது?"

"நான் உன்னைய அடிச்சா சாப்பிட வெச்சேன்?"

"எலையைப் போட்டு உக்கார வெச்சீங்க. அது போதாதா? இப்ப மாடிப்படி ஏறுறேன். சுவா சூ காங் வீட்டுலேர்ந்து நின்னுக்கிட்டே ரயில்ல வர்றேன். நாக்கு போச்சு, போகட்டும். எனக்குக் காலு வேணும்."

"அப்ப கடை?"

"வேற யாரையாவது உக்கார வைங்க. சம்பளம் குடுத்து ஆள் போடுங்க."

வேலாயுதம் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த இலைக்கு முன்னால் வேறொருத்தியை மனதில் உட்கார வைத்துப் பார்த்தார். முகம் எதுவும் தோன்றவில்லை. வீங்கிய முட்டிகள்தான் தோன்றின, படியில் பக்கவாட்டாக இறங்குகிற கால்கள் தோன்றின. அவர் இதுவரை அவற்றை வயதின் கணக்கில் எழுதியிருந்தார். கோபம் குறையவில்லை. யார்மேல் என்பதுதான் குழம்பிப்போனது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் சுரேந்தர். "அக்காவுக்குக் கடை வேணாம். உங்களால தனியா நடத்த முடியாது. அப்ப முடிவு ஈசிதான். அந்தப் பணத்தை..."

"உன் காசு எதுல இருக்கு?" உமாமகேஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா?"

"நீ சேத்த காசு. எதுல போட்டிருக்க?"

"அதே ஷேர்தான். நான் நம்பாததை உங்களுக்குச் சொல்வேனா?"

"ஏறியிருக்கா?"

சுரேந்தர் ஃபோனைப் பார்த்தான். அதில் பதில் இருப்பதுபோல விரலால் தள்ளினான்.

"இப்பக் கொஞ்சம் எறங்கியிருக்கு. போட்டிக்கு வேற கம்பெனி வந்துருச்சு, வெலையைக் கொறைக்கச் சொல்றாங்க. அதெல்லாம் டெம்பரரி. இப்ப வாங்குறதுதான் புத்திசாலித்தனம்."

"கொஞ்சம்னா?"

"பாதிக்கு வந்துருச்சு."

செல்லக்கண்ணு சிரித்த சிரிப்பில் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆளு மாதிரியே ஷேரும் எளைச்சுருச்சு! நல்ல மருந்துடா!"

"மருந்து வேலை செய்யுது," என்றாள் உமாமகேஸ்வரி. "என் உடம்புல செய்யுது, எனக்குத் தெரியும். அதுக்காக உனக்குக் காசு கொட்டணும்னு இல்ல. என் ஃபோட்டோவை, குண்டா இருந்தது ஒண்ணு, இப்ப ஒண்ணு, உன் கிளையண்ட் குரூப்புல போட்டியாமே? அந்த குரூப்புல இருக்கிற ரோஷினி காமிச்சா. ஊசிக்குக் காசு குடுத்தது இதுக்குத்தானா?"

"அக்கா, அது மார்க்கெட்டிங். மொகத்தை மறைச்சுத்தான் போட்டேன்."

"வயித்தை மறைக்கலையே."

சுரேந்தர் ஃபோனைப் பைக்குள் போட்டான். இருந்தாலும் போகவில்லை. கடைசிவரை கிளையண்ட் கையெழுத்துப் போடுவான் என்று நம்பி நிற்கிறவர்களின் நிற்பு அது.

"என் பங்கை நான் சிபிஎஃப் சேமநிதியில போடப் போறேன்," என்றாள் அவள்.

"சிபிஎஃப்பா? அக்கா! அது என்ன வட்டி குடுக்கும்? கெழவிங்க போடுற எடம் அது!"

"கெழவி ஆகுற வரைக்கும் இருக்கலாம்னு பாக்குறேன்."

வேலாயுதம் ஃபோனை எடுத்தார். வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு நொடி காத்திருந்தார். உமாமகேஸ்வரி அப்பளத்தை எண்ணெய் வடியக் கூடையில் சாய்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"அலீம் பாய்? வேலாயுதம் பேசுறேன். லீஸ் வேணாம். இல்ல, வாடகைக்காக இல்ல. பத்து மணி எலைக்கு இனி யாரையும் உக்கார வைக்க முடியாது. வேணாம். அவ்ளோதான்."

அந்தப் பக்கத்திலிருந்து வருத்தமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். இத்தனை வருடக் கடை. அலீம், "சரிண்ணே, நோ ப்ராப்ளம், இப்பவே ஓனர்கிட்டச் சொல்லிடுறேன். இந்த எடத்துக்கு ரெண்டு பேரு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று வேலாயுதம் கேட்கவில்லை.

"நல்ல முடிவு அத்தான்," என்று ஆரம்பித்தான் சுரேந்தர். "இப்ப உங்க பாதியை மட்டுமாவது..."

"வெளிய போடா."

"அத்தான், எமோஷனலா..."

"செல்லக்கண்ணு, இவனைத் தூக்கி வெளிய வை. சங்கிலி தேவைப்படாது."

செல்லக்கண்ணு ஒரு அடி எடுத்து வைத்தார். சுரேந்தர் தானாகவே போனான். கண்ணாடிக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் நிதானமாகச் சாத்திக்கொண்டது.

வெளியே புதிதாக நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விரதக்காரர்கள். நெற்றி நிறைய விபூதி. இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. ஒருவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணே, சோறு வருமா வராதா?" என்றார்.

வேலாயுதம் சாம்பார் வாளியைத் தூக்கினார். இரண்டு அடி நடந்து நின்றார்.

"இதை எப்படிக் கொண்டுபோய் ஊத்துறது? உப்பு."

"தெரியும்," என்றாள் உமாமகேஸ்வரி, திரும்பாமல். "கம்மியா ஊத்துங்க. மோரை நெறையக் குடுங்க. காசு கம்மியா வாங்குங்க."

அவர் ஒரு கையில் சாம்பாரும் இன்னொரு கையில் மோருமாக வெளியே போனார்.